இரண்டு இலக்கம்

வண்ணார்பேட்டை எக்சேஞ்சில் இரவுப் பணி.
ஏசி குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு
மாவட்டத்தின் அழைப்புகளைப் பார்த்திருப்பேன்.
பார்ப்பது மட்டும்தான். கேட்க அனுமதியில்லை.
எந்த எண், எந்த எண்ணுக்கு, எத்தனை வினாடி,
அடுத்ததற்கு முன் எவ்வளவு இடைவெளி.
எனக்குத் தெரிந்த திருநெல்வேலிச் சீமை இவ்வளவுதான்.

தானாக டயல் செய்யும் இயந்திரங்களைப் பிடிப்பது என் வேலை.
கடன் வேண்டுமா, மனை வேண்டுமா,
முட்டிவலிக்குத் தைலம் வேண்டுமா.
வரிசையாகப் போகும் அவை,
வீடு தவறாமல் நோட்டீஸ் போடுகிறவனைப் போல.
எடுத்த கையோடு பேசாது.
இரண்டு வினாடி வாயை மூடிக் காத்திருக்கும்.
சுருக்கமாக ‘அலோ’ என்றால் மனிதர்; தொடங்கிவிடும்.
நீளமாகப் பேசினால் பதிவு செய்த குரல்; வைத்துவிடும்.

அம்பாசமுத்திரத்தில் என் சித்தி சொர்ணவல்லி
போனை எடுத்ததும்
‘ஏ யாரு பேசுதது, சத்தத்தையே காணோம்,
செல்லப்பாவா, மழைக்கு லயன் அந்துட்டோ என்னமோ,
இங்க சாரல்னா சாரல் அப்படியொரு சாரல்’ என்று
மூச்சுவிடாமல் போவாள்.
அவளை இயந்திரம் என்று தீர்மானித்து
எல்லா இயந்திரங்களும் விலகிப் போயின.
இன்றுவரை ஒருத்தரும் அவளிடம் மனை விற்றதில்லை.

நான் எழுதிய விதி இது:
வரிசை எண்கள், குறுகிய பேச்சு, நாற்பது ஆகிவிட்டதென்றால்
முட்டுச்சந்துக்குத் திருப்பு.
முட்டுச்சந்தில் ஒரு பெண்குரல் இருக்கிறது.
‘நீங்கள் அழைக்கும் எண்ணுக்கு இப்போது வழியில்லை.’
இயந்திரங்கள் அவளுக்கும் கடன் கொடுக்கப் பார்க்கும்.

ஆடி மாதம், காற்று ஆளைத் தள்ளுகிற ஒரு செவ்வாய்.
பணகுடி டவரிலிருந்து ஒன்று சிக்கியது.
எட்டு இலக்கம் அசையவில்லை. கடைசி இரண்டு மட்டும் நகர்கிறது.
பூஜ்யம் பூஜ்யம். பூஜ்யம் ஒன்று. பூஜ்யம் இரண்டு.
நாற்பதில் கதவு விழுந்தது.

விடியற்காலை, அறிக்கைக்காகத் திறந்தபோது
இடைவெளி உறுத்தியது.
இயந்திரத்துக்கு முக்கால் வினாடி என்றால் முக்கால் வினாடிதான்.
இது பத்தொன்பது, இருபத்தாறு, பதினேழு.
பதினொன்றாம் எண்ணில் ஒரு நிமிடம் ஓடியிருக்கிறது;
யாரோ நன்றாக ஏசியிருக்க வேண்டும்.
அதன்பின் நாலு நிமிடம் ஒன்றுமே இல்லை.
முப்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவே கால்மணி நேரம்.
டீ குடிக்கப் போயிருக்கலாம்.
கதவு விழுந்த பிறகும் நிற்கவில்லை.
அந்தப் பெண்குரலிடம் தொண்ணூற்றொன்பது வரை முட்டிவிட்டு
திரும்பவும் நாற்பதிலிருந்து.
இரவு பதினொன்றுக்கு ஓய்ந்து,
இதோ, ஆறு மணிக்கு மறுபடியும் நாற்பது.

யாரையும் கேட்காமல் கதவைத் திறந்தேன்.
ஷிப்ட் முடிந்தும் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.
நாற்பத்தெட்டு, மூன்று வினாடி.
ஐம்பத்தைந்து, எடுக்கவில்லை.
அறுபத்திரண்டு, ஐந்து வினாடி.
அறுபத்தேழு.
அறுபத்தேழு ஓடிக்கொண்டே இருந்தது.
நாற்பத்தொரு நிமிடம்.
அதற்குப் பிறகு அந்த எண் எங்கேயும் போகவில்லை.

யார், யாரைத் தேடினார்,
வியர்வையில் அழிந்ததா அந்த இரண்டு இலக்கம்,
பஸ்ஸில் விட்ட போனோடு போனதா?
சொன்னேனே, கேட்க அனுமதியில்லை.

விதியில் ஒரு வரி சேர்த்தேன்:
இடைவெளி சீராக இல்லாவிட்டால் விட்டுவிடு.
புரட்டாசிக்குள் இயந்திரங்கள் கற்றுக்கொண்டன.
பத்தொன்பது, இருபத்தாறு, பதினேழு.
நடுவில் கால்மணி நேரம் டீகூடக் குடித்தன.
‘அந்த வரியை எடும்மா’ என்றார் தாவீது சார்.
எடுத்துவிட்டேன்.
நாற்பதை மட்டும் நூறாக மாற்றி வைத்திருக்கிறேன்,
அவர் இன்னும் கவனிக்கவில்லை.
இரண்டு இலக்கம் தொலைத்தவருக்கு நூறு போதும்.
மூன்று தொலைத்தவருக்கு
என்னிடம் வழியில்லை.